கம்பெனி மாத்திரையா, கவர்மென்ட் மாத்திரையா?

கேள்வி:

டாக்டர், ஏற்காட்டில் நாகலூர் பக்கம் ஒரு காபி எஸ்டேட் லைன் வீட்டில் குடியிருக்கிறோம். அப்பாவுக்கு 61 வயது. சர்க்கரையும் பிரஷரும் உண்டு. சேலத்தில் ஒரு தனியார் டாக்டர் எழுதிக் கொடுத்த கம்பெனி மாத்திரைகளைச் சில வருஷமாகச் சாப்பிடுகிறார். மாதக் கடைசியில் கையில் பணம் இல்லாவிட்டால் நாலைந்து நாள் மாத்திரை இல்லாமலே ஓட்டிவிடுவார். இப்போது அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து மாத்திரை தருகிறார்கள். ஆனால் "கவர்மென்ட் மாத்திரையில பவர் இருக்காது" என்று லைனில் எல்லோரும் சொல்கிறார்கள். அதனால் எதற்கும் இருக்கட்டும் என்று காலையில் இரண்டையும் சேர்த்தே போட்டுக்கொள்கிறார். சில நாள் பதினோரு மணி வாக்கில் கை நடுங்கி வேர்த்துக் கொட்டுகிறதாம். காலும் கொஞ்சம் வீங்கியிருக்கிறது.

அம்மாவுக்குத் தைராய்டு. விலை குறைவு என்று சேலத்தில் ஒரு ஜெனரிக் கடையில் மாத்திரையை மாற்றி வாங்கினோம். நாலு மாதத்தில் தைராய்டு பரிசோதனையில் டி.எஸ்.எச். 2.8-லிருந்து 7.4 ஆகிவிட்டது. அலுப்பு, முடி கொட்டல் எல்லாம் திரும்ப வந்துவிட்டது. அம்மா மாத்திரையை ஒரு நாளும் விட்டதில்லை. விடிகாலை காபியோடு போட்டுக்கொண்டுதான் வேலைக்குக் கிளம்புவார். அண்ணன் மாதம் ஒரு முறை சேலம் போய்வரும்போது எந்தக் கடையில் மலிவோ அங்கே வாங்கி வருவார். இந்த மாதம் கடைக்காரர் சேர்த்துக் கொடுத்த கால்சியம் மாத்திரையும் நடக்கிறது.

பக்கத்து வீட்டுப் பையனுக்கு வலிப்பு. அவனுடைய மாத்திரையையும் மலிவாக மாற்றலாமா என்று அவன் அம்மா கேட்கிறார். ஜெனரிக் மருந்தை நம்பலாமா? எல்லா அட்டைகளையும் பாட்டில்களையும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.

– ஒரு வாசகி, ஏற்காடு

பதில்:

சகோதரி, முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் கம்பெனி அட்டையில் கிளிமிப்ரைட் 2 மில்லிகிராமும் மெட்ஃபார்மின் 500 மில்லிகிராமும் ஒரே மாத்திரையாக இருக்கின்றன. அரசு கொடுத்த அட்டைகளில் ஒன்று மெட்ஃபார்மின் 500, இன்னொன்று கிளிபிசைட் 5. கிளிமிப்ரைடும் கிளிபிசைடும் ஒரே குடும்பத்து மருந்துகள். இரண்டுமே கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைப்பவை. இரண்டும் ஒன்றாக உள்ளே போனால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கும். பதினோரு மணி நடுக்கமும் வியர்வையும் அநேகமாக அதனால்தான். அப்பா தோட்டத்தில் மிளகு பறிக்க ஏணியில் ஏறி நிற்கும்போது இப்படி வந்தால் உயிருக்கே ஆபத்து.

பிரஷர் மாத்திரையிலும் இதே கதைதான். கம்பெனி அட்டையில் அம்லோடிபின் 5, அரசு அட்டையிலும் அம்லோடிபின் 5. ஆக, தினமும் 10 மில்லிகிராம் போகிறது. கணுக்கால் வீக்கம் இந்த மருந்தின் தெரிந்த பக்க விளைவு. அளவு கூடினால் அதுவும் கூடும்.

எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு, நாளைக்கே அப்பாவை ஏற்காடு அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். எந்த செட் தொடர வேண்டும் என்று அவர்கள் முடிவு செய்து எழுதித் தரட்டும். அதுவரை பழைய சீட்டில் உள்ள மாத்திரையை மட்டும் கொடுங்கள். நடுக்கம் வந்தால் உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, கால் மணி நேரம் பாருங்கள். சரியாகாவிட்டால் இன்னொரு முறை கொடுங்கள். நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள்.

உங்கள் கேள்விக்கு முதல் பதில் இதிலேயே இருக்கிறது. அரசு மாத்திரையில் பவர் இல்லையென்றால், அதைக் கூடுதலாகப் போட்டதும் அப்பாவுக்குக் கை நடுங்கியிருக்காது.

கம்பெனி மாத்திரையும் ஜெனரிக்தான்

ஒரு மருந்தை முதலில் கண்டுபிடித்த நிறுவனத்துக்குக் குறிப்பிட்ட காலம் காப்புரிமை இருக்கும். அது முடிந்ததும் மற்றவர்களும் அதே மருந்தைத் தயாரிக்கலாம். அப்படித் தயாராவதே ஜெனரிக். அம்லோடிபின் முதலில் ஃபைசர் நிறுவனத்தின் நார்வாஸ்க் மாத்திரையாக வந்தது. இன்று சேலம் மருந்துக்கடைகளில் வேறு வேறு பெயரில் கிடைக்கும் அம்லோடிபின்களில் மிகப் பெரும்பாலானவை ஃபைசர் தயாரித்தவை அல்ல. இந்திய நிறுவனங்கள் அந்த ஜெனரிக்குக்குத் தங்கள் பெயரைச் சூட்டி விற்கின்றன. அதாவது, அப்பா நம்பிச் சாப்பிடும் கம்பெனி மாத்திரையும் ஜெனரிக்தான், பெயர் வைத்த ஜெனரிக். அதனால் இதை அசலுக்கும் நகலுக்கும் நடக்கும் போட்டியாகப் பார்க்காதீர்கள்.

அட்டையின் பின்புறம் யார் தயாரித்தார்கள், யார் சந்தைப்படுத்துகிறார்கள் என்று இரண்டு முகவரிகள் பல நேரம் இருக்கும். ஒரே எஸ்டேட் காபிக்கொட்டை பல வியாபாரிகளின் பாக்கெட்டுகளில் போவதுபோல, ஒரே தொழிற்சாலையில் தயாராகும் மாத்திரை பல பெயர்களில் வெளியே போகிறது.

அப்படியானால் விலை ஏன் இவ்வளவு வித்தியாசப்படுகிறது? பெயரை டாக்டர்களிடம் கொண்டுசேர்க்கும் விற்பனைப் பிரதிநிதிகள், விளம்பரம், மொத்த வியாபாரி, சில்லறைக் கடை என்று ஒவ்வொரு படியிலும் விலை ஏறுகிறது. அரசு டெண்டரில் மருந்தின் பெயரைச் சொல்லி, கோடிக்கணக்கில் மொத்தமாக வாங்கும்போது இந்தப் படிகள் பலவும் இல்லாமல் போகின்றன. விலை குறைவதற்கு உள்ளே இருக்கும் மருந்து குறைந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

மலிவான மருந்து நமக்குத் தானாகக் கிடைத்துவிடவில்லை. 1970-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் மருந்தைத் தயாரிக்கும் முறைக்கு மட்டுமே காப்புரிமை தந்தது, மருந்துக்குத் தரவில்லை. அதனால்தான் இந்தியாவில் ஜெனரிக் தொழில் வளர்ந்தது. 2005-இல் சட்டம் மாறி மருந்துக்கே காப்புரிமை வந்தபோது, ஒரு பெரிய வழக்கு நம் சென்னையில் நடந்தது. ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்கான இமாட்டினிப் மருந்தின் ஒரு படிக வடிவத்துக்கு நோவார்ட்டிஸ் நிறுவனம் காப்புரிமை கேட்டது. சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006 ஜனவரியில் மறுத்தது. பழைய மருந்தைச் சிறிது மாற்றிப் புதிதென்று சொல்வதைத் தடுக்கும் 3(டி) பிரிவையே நிறுவனம் எதிர்த்தபோது, 2007-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த எதிர்ப்பைத் தள்ளுபடி செய்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் காப்புரிமை கிடையாது என்று முடிவாகச் சொன்னது. அப்போது நோவார்ட்டிஸ் பிராண்டின் ஒரு மாதச் செலவு ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல். ஜெனரிக் விலையோ பத்தாயிரத்துக்குள். எத்தனையோ குடும்பங்களில் நோயாளி பிழைத்திருப்பதற்கு அந்த ஜெனரிக்தான் காரணம்.

ஒன்றுதான் என்று எப்படித் தெரியும்?

ஆரோக்கியமான சிலருக்கு ஒரு நாள் மூல மருந்தையும் இடைவெளி விட்டு இன்னொரு நாள் ஜெனரிக்கையும் கொடுத்து, சில மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். ரத்தத்தில் மருந்து எந்த உச்சத்தைத் தொட்டது, மொத்தம் எவ்வளவு சேர்ந்தது என்று ஒப்பிடுவார்கள். இதற்கு உயிர்ச்சமநிலைச் சோதனை என்று பெயர். கணக்கில் வரும் ஏற்ற இறக்கத்தின் முழு எல்லையும் 80 முதல் 125 சதவீதத்துக்குள் அடங்க வேண்டும் என்பது விதி. இதை வைத்து "ஜெனரிக்கில் 20 சதவீதம் மருந்து குறைவு" என்று சிலர் சொல்வது தவறு. சராசரியே அவ்வளவு விலகியிருந்தால், அதைச் சுற்றியுள்ள ஏற்ற இறக்கம் எல்லையைத் தாண்டிவிடும், மருந்து தேறாது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் தன்னிடம் வந்த 2,070 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ரத்தத்தில் சேர்ந்த மொத்த அளவில் சராசரி வித்தியாசம் சுமார் 3.5 சதவீதம்தான்.

நம் நாட்டில் நிலைமை அவ்வளவு சீராக இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். எளிதில் கரையாத மருந்துகளுக்கு இந்தச் சோதனையைக் கட்டாயமாக்கிய விதி 2017 ஏப்ரலில்தான் வந்தது. அதற்கு முன் உரிமம் பெற்ற பல தயாரிப்புகள், பிராண்டு பெயர் உள்ளவையும் சேர்த்து, இதைக் கடக்காமலே சந்தையில் இருக்கின்றன. தரக்குறைவான மருந்துகள் என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மாதந்தோறும் வெளியிடும் பட்டியலில் பிராண்டுகளும் வருகின்றன. 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் குழந்தைகளின் உயிரைப் பறித்த இருமல் மருந்து பிராண்டு பெயரோடு விற்றதுதான். தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். அதில் டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சு இருந்ததைக் கண்டுபிடித்தது தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஆய்வகம். தரத்தைக் காப்பது பரிசோதனைதான். பெயரும் விலையும் அந்த வேலையைச் செய்யாது.

அந்தப் பரிசோதனையை முறையாக நடத்துவதில் தமிழ்நாடு பல மாநிலங்களுக்கு வழிகாட்டி. 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம்தான் அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்குகிறது. கிடங்குக்கு வரும் மருந்தின் மாதிரியை, தயாரித்தவர் பெயர் தெரியாதபடி குறியீட்டு எண் இட்டு ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். முடிவு சரியாக வந்த பிறகே மருந்து வெளியே போகிறது. ராஜஸ்தானும் கேரளமும் இதைப் பார்த்துத்தான் தங்கள் கழகங்களை அமைத்தன. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் உங்கள் வீட்டுக்கு வருவதும் அரசு கொள்முதல் செய்யும் இந்த மருந்துதான். ஒவ்வொரு டெண்டரிலும் நிறுவனம் மாறக்கூடும் என்பதால் மாத்திரையின் நிறமும் வடிவமும் மாறும். நிறத்துக்கும் பவருக்கும் சம்பந்தம் இல்லை. ஆகவே, டாக்டர் பார்த்து அளவைச் சரிசெய்த பிறகு, அப்பா அரசு மாத்திரையை மட்டுமே தைரியமாகத் தொடரலாம். மாதக் கடைசியில் நாலைந்து நாள் மருந்து இல்லாமல் இருப்பதுதான் அவருக்குப் பெரிய கேடு. பக்கவாதமும் மாரடைப்பும் வரும் வழிகளில் அதுவும் ஒன்று.

அம்மாவின் மாத்திரை

டி.எஸ்.எச். ஏறியதற்கு ஜெனரிக்கைக் குறை சொல்வதற்கு முன் நீங்கள் எழுதியதையே திரும்பப் பாருங்கள். "விடிகாலை காபியோடு" என்றிருக்கிறீர்கள். அம்மாவின் தைராய்டு மாத்திரையான லெவோதைராக்சின் குடலில் உறிஞ்சப்படுவதைக் காபி குறைக்கிறது. இத்தாலிய மருத்துவர்கள் 2008-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளும் இதையே செய்யும். எழுந்ததும் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் தைராய்டு மாத்திரையைப் போட வேண்டும். காபி ஒரு மணி நேரம் கழித்து. கால்சியத்துக்கு நாலு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பின் போடச் சொல்லுங்கள். அம்மாவுக்கு அது தேவைதானா என்பதையும் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். காபித் தோட்டத்தில் வேலை செய்கிறவருக்கு விடியலில் ஒரு மணி நேரம் காபி இல்லாமல் இருப்பது கஷ்டம்தான். ஆனால் இந்த மாற்றத்துக்குச் செலவு ஒன்றும் இல்லை.

அம்மா முன்பும் காபியோடுதானே போட்டார், அப்போது சரியாக இருந்ததே என்று நீங்கள் கேட்கலாம். அப்போது ஒரே தயாரிப்பு. காபியால் குறைவதையும் சேர்த்துத்தான் டாக்டர் அளவை நிர்ணயித்திருப்பார். இப்போது அண்ணன் மாதாமாதம் கடையை மாற்றும்போது தயாரிப்பும் மாறுகிறது. நீங்கள் அனுப்பிய படங்களிலேயே மூன்று நிறுவனங்களின் பெயர் இருக்கிறது. லெவோதைராக்சினில் சின்ன வித்தியாசமும் உடலில் தெரியும். அதனால்தான் அமெரிக்காவில் 2007-இல், காலாவதியாகும் நாள்வரை இதன் வீரியம் 95 முதல் 105 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று விதியை இறுக்கினார்கள். இந்த மருந்துக்கு ஈரம், வெளிச்சம், சூடு மூன்றும் ஆகாது. மழைக்காலத்தில் மலையில் சுவரே ஓதம் காத்துக் கிடக்கும். மாத்திரையைக் காகித உறைக்கு மாற்றாதீர்கள். வந்த பாட்டிலிலேயே இறுக மூடி, அடுப்படியை விட்டு விலக்கி, பீரோவுக்குள் வையுங்கள்.

ஜெனரிக்கே வாங்கலாம், தவறில்லை. ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதிலேயே நில்லுங்கள். இரண்டு, மூன்று மாதத்துக்குச் சேர்த்து ஒரே தயாரிப்பாக வாங்குங்கள். காபி நேரத்தை மாற்றி ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்து டி.எஸ்.எச். பாருங்கள், அதற்கு முன் பார்த்தால் சரியான அளவு தெரியாது. காபியையும் கால்சியத்தையும் பற்றி டாக்டரிடம் சொல்லாமல் அளவை மட்டும் கூட்டிவிடாதீர்கள். பிறகு பழக்கம் சரியானதும் அதே அளவு அதிகமாகி நெஞ்சு படபடக்கும்.

பக்கத்து வீட்டுப் பையன்

இந்த இடத்தில் மட்டும் என் பதில் வேறு: அவன் மாத்திரையைக் கடையில் வைத்து மாற்ற வேண்டாம். 1968-இல் ஆஸ்திரேலியாவில் வலிப்புக்கு ஃபெனிடோயின் சாப்பிட்டு வந்தவர்கள் திடீரென்று தள்ளாடத் தொடங்கினார்கள். மருந்தின் அளவு மாறவில்லை. கேப்ஸ்யூலில் மருந்தோடு சேர்க்கும் நிரப்புப் பொருளைக் கால்சியம் சல்ஃபேட்டிலிருந்து லாக்டோஸுக்கு மாற்றியிருந்தார்கள். அதனால் அதே அளவு மருந்து ரத்தத்தில் அதிகமாகச் சேர்ந்து நச்சாகிவிட்டது. ஃபெனிடோயின், கார்பமாசெபின், ரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபாரின், மனநோய்க்கான லித்தியம், சிறுநீரக மாற்று சிகிச்சைக்குப் பின் தரும் டாக்ரோலிமஸ் போன்றவற்றில் பலன் தரும் அளவுக்கும் கேடு செய்யும் அளவுக்கும் நடுவே இடைவெளி மிகக் குறுகியது. இவற்றில் பிராண்டிலிருந்து ஜெனரிக்குக்கு, ஜெனரிக்கிலிருந்து பிராண்டுக்கு, ஒரு பிராண்டிலிருந்து இன்னொன்றுக்கு என எந்த மாற்றமும் டாக்டருக்குத் தெரிந்து, தேவையானால் ரத்தப் பரிசோதனையோடு நடக்க வேண்டும். செலவு தாங்கவில்லையென்றால், சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் காட்டி, அங்கே தரும் மருந்தையே விடாமல் தொடர்வது நல்ல வழி.

கடையில் என்ன பார்க்க வேண்டும்?

அட்டையில் பிராண்டு பெயரோடு மருந்தின் பெயரும் இருக்கும். மருந்தின் பெயரைப் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும் என்ற விதி 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அந்தப் பெயரை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மலைக்கு மேலே, கீழே என்று எத்தனை டாக்டரிடம் காட்டினாலும் அந்த நோட்டைக் காட்டுங்கள். அப்பாவுக்கு நடந்ததுபோல ஒரே மருந்து இரண்டு பெயரில் உள்ளே போவதை அது தடுக்கும்.

அளவைப் பாருங்கள், மில்லிகிராம் வேறு, மைக்ரோகிராம் வேறு. பெயருக்குப் பின்னால் வரும் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., இ.ஆர். எழுத்துகளைப் பாருங்கள். மருந்தை மெல்ல வெளியிடும் மாத்திரைக்குப் பதில் சாதா மாத்திரை வாங்கக் கூடாது. மெட்டோப்ரோலால் சக்சினேட் ஒருவேளை மாத்திரை, மெட்டோப்ரோலால் டார்ட்ரேட் இரண்டு வேளை மாத்திரை. இரண்டாவது சொல்லை விட்டுவிட்டால் மருந்தே மாறிவிடும். பத்து மாத்திரை அட்டையில் மூன்றை மட்டும் வெட்டிக் கொடுத்தால் பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் மீதித் துண்டோடு கடையிலேயே தங்கிவிடும். முழு அட்டையாக வாங்குங்கள். முடியாவிட்டால் அந்த விவரங்கள் எழுதிய பில்லைக் கேளுங்கள்.

கடைக்காரர் "இது ஜெனரிக்" என்றவுடன் மலிவு என்று நினைத்துவிடாதீர்கள். சில ஜெனரிக்குகளில் பிராண்டுக்கு இணையான விலையே அச்சாகியிருக்கும். லாபம் கடைக்குப் போகும், உங்களுக்கு மிச்சம் ஒன்றும் இருக்காது. ஒரு மாத்திரை எத்தனை ரூபாய் என்று வகுத்துப் பாருங்கள். மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களிலும், 2025 பிப்ரவரி 24 அன்று தமிழ்நாடு அரசு தொடங்கிய முதல்வர் மருந்தகங்களிலும் விலை வெளிச்சந்தையைவிட நன்றாகவே குறையும். அப்பாவுக்கு அரசே இலவசமாகத் தருவதால் கடைக்குப் போக வேண்டியது அம்மாவின் மாத்திரைக்கு மட்டும்தான்.

சீட்டில் ஒரு பிராண்டு பெயர் இருந்தால், அதற்குப் பதிலாக வேறொன்றைக் கொடுக்கக் கடைக்காரருக்குச் சட்டப்படி அதிகாரமில்லை. அதில் இருப்பது அதே மருந்தாக இருந்தாலும் கூடாது. மாற்றித் தரவேண்டியவர் டாக்டர். மருந்தின் பெயரை, படிக்கும்படி, கூடுமானவரை பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று 2016-இல் இந்திய மருத்துவக் கவுன்சில் விதி செய்தது. அதனால் "மருந்துப் பெயரை எழுதிக் கொடுங்கள், டாக்டர்" என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். மருந்து மாறிய பின் ஏதாவது ஒவ்வாமல் போனால் டாக்டரிடம் சொல்வதோடு, 1800 180 3024 என்ற கட்டணமில்லா எண்ணிலும் புகார் பதியலாம். அப்படிச் சேரும் புகார்களிலிருந்துதான் கெட்ட மருந்துகள் பிடிபடுகின்றன.

மருந்துச் செலவை டாக்டரிடம் சொல்ல நம் மக்கள் தயங்குகிறார்கள். மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்டும், ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டும் சமாளித்துவிட்டு, கேட்டால் "ஒழுங்காச் சாப்பிடறேங்க" என்கிறார்கள். அதை நம்பி நாங்களும் மருந்து வேலை செய்யவில்லை என்று அளவைக் கூட்டுகிறோம். அடுத்த முறை போகும்போது, "இந்த மாசம் அஞ்சு நாள் மாத்திரை வாங்கக் காசில்லை" என்று அப்பாவை அப்படியே சொல்லச் சொல்லுங்கள். அதைக் கேட்டு, வாங்க முடிகிற மருந்தாக எழுதித் தருவது எங்கள் கடமை.